மறுகரையில் ஓர் ஆலை

முந்தானை எந்தத் தோளில் விழும் என்றுகூடத் தெரியாத முட்டாள்கள்.

என் தோழி ழனெத்தின் நாத்தனார் ஜூஸ்தின் இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாளாம். மாலை ஆறரை... புதுச்சேரி சுண்ணாம்பாற்றங்கரை மண்பாதை. இரண்டு பக்கமும் கருவேலமுள். ஸ்கூட்டி சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

பழைய புகைப்படங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் ஒரு படம்: ஆறு, பாலம், புகைபோக்கி வைத்த சாய ஆலை, கரையில் வரிசையாகக் கூலிப் பெண்கள். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றான் குழுவை நடத்தும் இளஞ்செழியன். ஞாயிறு கண்காட்சியில் அவன் பெயரோடு மாட்டப்போகிறார்களாம். எல்லாப் பெண்களுக்கும் முந்தானை வலது தோளில் இருந்தது. படத்தைத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள், ஆலை இருந்தது மறுகரையில் என்று ஜூஸ்தின் எழுதினாள்.

“மேடம் பிரான்சு பென்ஷன் வாங்குற வசதியான வீடு. ஆத்தங்கரைய எங்க பாத்திருக்கப்போறாங்க? ஆதாரம் இருந்தா போடுங்க” என்றான். கைதட்டும் பொம்மைகள் வந்து விழுந்தன.

அத்தனை பேர் முன்னாலும் அவன் தலைகுனிய வேண்டும். அவளுக்கு வேண்டியது அது மட்டும்தான். உண்மை மேல் பெரிய ஆசையெல்லாம் இல்லை; அதுவும் அவளுக்குத் தெரியும்.

மறுகரையில், முட்களுக்குப் பின்னால், இடிந்துபோன புகைபோக்கியின் அடிப்பாகம் நின்றது. கீழே உடைந்த கற்படிகள். தூரத்தில் அதே பாலம். போனை உயர்த்தி ஒரு படம் எடுத்தாள்.

ஆலைச் சங்கு ஊதியது. நீளமாக... மிக அருகில்.

“சிரிக்காத கமலா. கேளு” என்று என்னை அடக்கினாள் ழனெத்.

பிறகு புளித்த அவுரிச் சாயத்தின் நாற்றம். படிகளில் ஈரக்கால்கள் ஏறும் சத்தம்... சப்... சப்... காதருகே ஒரு பெண்குரல், அலுத்துப்போய்: “சீக்கிரம் வந்து நில்லேண்டி. எவ்ளோ நேரம் நிக்கிறது?”

வண்டியை எப்படிக் கிளப்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தாள். பாலம், புகைபோக்கி, படிகள்... படிகளில் அந்தப் பெண்கள். நடுவில் இரண்டு பேர் ஒதுங்கி, ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள். அங்கே மட்டும் கல் காய்ந்திருந்தது.

இதைப் போட்டால் இளஞ்செழியன் தீர்ந்தான். விரலை வைக்கப்போனாள். அவனுடைய செய்தி வந்தது.

“என்ன மேடம், கெடச்சிதா? லொகேஷன் அனுப்புங்க. எல்லாரும் போயி அதே எடத்துல நின்னு போட்டோ எடுக்கலாம்.”

அவர்களில் ஒருவரையும் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் இடம் விட்டிருந்தால் போய் நின்றுவிடக்கூடிய ஜன்மங்கள்...

படத்தை அழித்தாள்.

“நீங்க சொன்ன எடமாவே இருக்கட்டும். எங்கிட்ட அனுப்ப ஒண்ணும் இல்ல” என்று எழுதினாள்.