மூன்று நாள் கட்டிப் பார்த்த ஜீப்

1957-ஆம் வருடம் மார்ச் மாதம் 21-ஆம் தேதி வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் முன்னிலையில் சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் வெங்கடம்மாள். வயது முப்பத்தெட்டு. கணவர் பெயர் முனிவேல். சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா, நாட்றாம்பாளையத்தில் குடியிருக்கிறேன். சொந்த நிலத்தில் விவசாயம். கையெழுத்துப் போடுவேன். ஓசூரில் பட்டாளத்துப் பழைய மோட்டார்களை ஏலத்தில் எடுத்து விற்கும் கோவிந்தப்பன் என்பவருடைய ஜீப்பை நான் திருடிக்கொண்டு போனதாக அவர் எழுதிக் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் என் பெயரும் ஊரும் மட்டும்தான் சரி. அவை இரண்டையும் அவருக்குச் சொன்னதே நான்தான். திருடப் போகிறவள் பெயரும் ஊரும் சொல்லிவிட்டா போவாள்?

எங்களுக்குப் புளியந்தோப்பு இருக்கிறது. கெலமங்கலம் சந்தைக்கு மாட்டு வண்டியில் புளி கொண்டுவர இரண்டு நாள் ஆகிறது. எங்களால் வர முடியாது என்று தெரிந்துகொண்டு வியாபாரி ஊருக்கே வந்து கேட்டதுதான் விலை என்று எடுத்துப் போகிறார். ஆகவே மலைப்பாதையில் ஏறும் மோட்டார் ஒன்று வாங்கலாம் என்று யோசித்தேன். என் கணவர் "புத்தி கெட்டுப்போச்சா உனுக்கு? ரெண்டு காளை வாங்கினா ஆகாதா?" என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மோட்டாரைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. எங்கள் நிலத்தில் வேலை செய்யும் ஆஞ்சப்பன் முன்பு பஸ்ஸில் கிளீனராக இருந்தவர் என்பதால் அவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன்.

18-ஆம் தேதி திங்கட்கிழமை காலை கோவிந்தப்பன் கொட்டகைக்குப் போனோம். ஜீப் பச்சை நிறம், கூரை கிடையாது. அவர் "மிலிட்டரி மாலும்மா இது. நாலு சக்கரமும் இழுக்கும். மலைன்னா இதுக்குக் கல்யாண வீடு மாதிரி" என்றார். நான் எஞ்சின் மூடிமேல் கை வைத்தேன், சுட்டது. விற்கிற மாட்டுக்கு விடியற்காலையில் வயிறு முட்டத் தண்ணீர் காட்டிக் கொழுத்த மாடு போல நிறுத்துகிறவர்களை எனக்குத் தெரியும். அதனால் ஆறிய எஞ்சின் கிளம்புகிறதா என்று பார்க்க, அது ஆறும் வரை அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் மூன்று தடவை மணி பார்த்தார். ஆறிய பிறகு ஆஞ்சப்பன் கைப்பிடி போட்டுச் சுற்ற, ஆறாவது சுற்றில் கிளம்பியது. அதற்கு நான் குறை சொல்லவில்லை, வயதான வண்டி.

அதன் பிறகு கோவிந்தப்பன் "ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிப் பாருங்க" என்றார். அப்படிச் சொன்னார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அப்புறம்தான் நான் மடியிலிருந்த வெற்றிலை பாக்கை எடுத்து அவரிடம் நீட்டினேன். எங்கள் பக்கத்தில் மாடு பார்க்கும்போது வாங்குகிறவர் வெற்றிலை கொடுப்பார். விற்கிறவர் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் மாடு மூன்று நாள் எங்கள் கட்டுத்தறியில் நிற்கும். ஏரில் பூட்டுவோம், பாரம் இழுக்க வைப்போம். பிடித்தால் மூன்றாம் நாள் விலையை முடிப்போம், பிடிக்காவிட்டால் கொண்டுபோய் விட்டுவிடுவோம். கோவிந்தப்பன் வெற்றிலையை வாங்கி, சுண்ணாம்பும் கேட்டு வாங்கித் தடவி, என் எதிரிலேயே மென்றார். அவருடைய ஊரில் வெற்றிலை வெறும் வெற்றிலைதான் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. இது என் தவறு என்றால் இந்த ஒரு தவறுதான்.

பிற்பாடு ஆஞ்சப்பன் ஓட்ட, அஞ்செட்டி வழியாகப் பொழுது சாய ஊர் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை வறண்ட ஏரிக்குள் வைத்து நான் ஓட்டப் பழகினேன். முதலில் வண்டி குதித்துக் குதித்து நின்றது. கரையில் ஊரே நின்று சிரித்தது. மத்தியானத்துக்குள் மூன்று கியரும் என் கைக்கு வந்துவிட்டன. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. என்னிடம் லைசென்ஸ் கிடையாது. அது குற்றம் என்றால் அதற்குள்ள அபராதத்தைப் போடுங்கள், கட்டுகிறேன். திருட்டை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அன்று மாலை ஆறு மூட்டை புளி ஏற்றி வண்டியை ஓடை மணலில் இறக்கினோம். நடு மணலில் வண்டி நின்றுவிட்டது. ஆஞ்சப்பனை ஓட்டச் சொல்லிவிட்டு நான் இறங்கி நின்று பார்த்தேன். பின் சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. முன் சக்கரங்கள் அசையவே இல்லை. ஜோடியில் ஒரு மாடு நுகத்தில் தோள் கொடுக்காமல் சும்மா நிற்பது எனக்குப் பார்த்தவுடன் தெரியும். அதற்கு மோட்டார் படிப்பு வேண்டாம். எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு மணலில் படுத்து அடியில் நுழைந்து பார்த்தேன். பின் சக்கரத்துக்கு ஓர் இரும்புத் தண்டு போகிறது. முன் சக்கரத்துக்குப் போக வேண்டிய தண்டு இல்லை, கழற்றிய இரண்டு முனைகளிலும் சாக்கைச் சுற்றிக் கிரீஸ் பூசி மறைத்திருந்தார்கள். ஆஞ்சப்பன் பார்த்துவிட்டு "அம்மா, நம்மளை நல்லா ஏமாத்திப்புட்டான்" என்றார். என் கணவர் காளைகளைக் கொண்டுவந்து ஜீப்பை இழுத்து வெளியே விட்டார். இழுத்து முடித்ததும் காளைகள் இரண்டையும் என் எதிரில் தட்டிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

20-ஆம் தேதி, அதாவது மூன்றாம் நாள் காலை, வண்டியைத் திருப்பி விட நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். மேற்படி ஆறு மூட்டைகளும் வண்டியில் இருந்தன. பாரத்தோடு இறக்கத்தில் பிரேக் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருந்தது, சந்தையும் வழியில்தான் இருந்தது. பிரேக் நின்றது. கெலமங்கலத்தில் மூட்டை இறக்கும்போது போலீஸ்காரர் வந்து "எறங்கும்மா கீழ. திருட்டு ஜீப்பு இது" என்றார். வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவரைப் பார்க்கச் சொன்னேன். ஓசூரைப் பார்த்து இருந்தது. திருடினவள் காட்டுப் பக்கம் போவாளா, உடையவர் வீட்டுக்கு வருவாளா? சந்தையில் எனக்குத் தெரிந்த நாகம்மா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை.

இன்று காலை கோவிந்தப்பன் இங்கே வந்தார். நான் அவரிடம் முன் தண்டைப் பற்றிக் கேட்டேன். அவர் "வண்டிய நீயே விலைக்கு எடுத்துக்கம்மா, புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். ரெண்டு பேருக்கும் மானம் மிச்சம்" என்றார். சப்-இன்ஸ்பெக்டரும் யோசித்துச் சொல்லும்படி சொன்னார். நான் மலையிலிருந்து வரும்போதே யோசித்துவிட்டேன். எஞ்சின் நல்ல எஞ்சின். வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. கழற்றிய தண்டை அவரே பொருத்தி, ஓடை மணலில் என் முன்னால் ஏற்றிக் காட்டி, நான் திருடவில்லை என்று எழுதியும் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். திருட்டுப் பட்டத்துக்குப் பயந்து வாங்க மாட்டேன்.

அவருக்குச் சம்மதம் இல்லையென்றால் வழக்கு நடக்கட்டும். வழக்கு நடந்தால் ஜீப்பையும் கோர்ட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று இதை எழுதும் ரைட்டர் சொன்னார். நிறுத்தட்டும். நீதிபதி குனிய வேண்டாம், நானே அடியில் படுத்துக் காட்டுகிறேன்.

எழுதியதை ரைட்டர் நிறுத்தி நிதானமாகப் படிக்க, முழுக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்) மு. வெங்கடம்மாள்