பல்பு சொன்ன சேதி

ஆவடி பஸ்ஸில் என் முன்சீட்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குவார்ட்டர்ஸ்காரர்கள் இருவர். நரைத்த மீசைக்காரர்தான் ஆரம்பித்தார்.

“நீ குவைத்துக்கு வேலைக்குப் போறேன்னு எங்க ஊட்டு பல்பு சொல்லிச்சுப்பா.”

“இன்னா அண்ணாத்தே சொல்றே?”

“வெளிநாட்டுக்காரங்களோட பேசற உன் ஹாம் ரேடியோவுக்குப் பெரிய வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டினியே, அது கரண்ட்டை அப்படி இழுக்குது. நீ தந்தி மாதிரி மோர்ஸ் தட்டத் தட்ட எங்க பல்பு மங்கி மங்கி எரியுது. பட்டாளத்துல இருபது வருஷம் மோர்ஸ் பாத்தவன் நான். நேத்து உன் ரேடியோ சிநேகிதன் ரஷ்யாக்காரனுக்கு நீ அனுப்பின சேதியை அப்படியே படிச்சிட்டேன்.”

இளையவர் சிரித்தார். “தனி ஒயர் இழுத்துடறேன். ஊட்ல பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லல அண்ணாத்தே, நீயும் சொல்லிடாதே.”

“நான் இன்னாத்துக்கு சொல்றேன்? உங்க ஊட்டு பல்பும் மங்குமில்ல?”

“மங்கும். நேத்து அவ சமையக்கட்டுல இருந்தா.”

இளையவரின் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஹாம் லைசென்ஸ் பரீட்சைக்கு அவளுக்கு மோர்ஸ் கத்துக்குடுத்ததே நான்தான்.”