நல்ல தண்ணீரில் மஞ்சள் மீன்

கண்டக்டர்: ...அதெல்லாம் சரி டாக்டரம்மா, மீனுக்கு உடம்பு சரியில்ல. அதுக்கு உங்க மீன் தொட்டித் தண்ணி என் வீட்டுக் கூரையில ஏன் ஒழுகணும்?

டாக்டர்: அப்புறம் பேசலாம் சார். முதல்ல இந்த பக்கெட்டப் பிடிங்க.

கண்டக்டர்: கீழ் வீட்டுல குடியிருக்கறவன் நான். புகார் சொல்ல வந்திருக்கேன்.

டாக்டர்: பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க.

கண்டக்டர்: ...என்ன இது, வெறும் தண்ணி?

டாக்டர்: உப்பில்லாத நல்ல தண்ணி. இது கடல் மீன். மூணு வளர்த்தேன். ரெண்டு போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்.

கண்டக்டர்: பாக்க நல்லாத்தானே இருக்கு? மஞ்சளா, பளபளன்னு...

டாக்டர்: அதுங்களும் அப்படித்தான் இருந்துச்சு. கல்லுல உடம்பத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு, அவ்வளவுதான். மேல ஒட்டுப்புழு. கண்ணாடி மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

கண்டக்டர்: தெரியாதத எப்படிப் பிடிப்பீங்க?

டாக்டர்: மீன நல்ல தண்ணியில கொஞ்ச நேரம் விடணும். புழுவால தாங்க முடியாது.

கண்டக்டர்: மீனால?

டாக்டர்: ...தாங்கும்னு சொல்றாங்க.

கண்டக்டர்: சொல்றாங்களா? நீங்க டாக்டர்தானே?

டாக்டர்: பல் டாக்டர் சார்.

கண்டக்டர்: சரிதான். நான் ரிட்டயரான பஸ் கண்டக்டர். நல்ல ஆளுங்கதான் சேர்ந்திருக்கோம்.

டாக்டர்: நீங்க வாட்ச்சப் பாத்துச் சொல்லுங்க. விடறேன்...

கண்டக்டர்: ஐயோ, சாஞ்சு படுத்துருச்சே.

டாக்டர்: படுக்கும். செவுள் அசையுதா?

கண்டக்டர்: அசையுது... லேசா... தூக்கிருங்களேன்.

டாக்டர்: இன்னும் கொஞ்சம்.

கண்டக்டர்: முதுகுல என்னமோ வெள்ளையா... முன்னாடி இல்லியே இது?

டாக்டர்: எங்க?

கண்டக்டர்: அங்க. வயித்துலயும். நொய்யரிசி ஒட்டுன மாதிரி... உதிருது பாருங்க.

டாக்டர்: அதுதான். அதுதான் சார் புழு. நல்ல தண்ணி பட்டதும் வெளுத்துடும்.

கண்டக்டர்: இத்தனையா? இந்தச் சின்ன உடம்புலயா?

டாக்டர்: பக்கெட்ட மெதுவா ஆட்டுங்க.

கண்டக்டர்: டிக்கெட் எடுக்காம எத்தனை பேரு ஏறியிருக்கானுங்க... இறங்கு, இறங்கு. வழியில நிக்காத.

டாக்டர்: சிரிக்க வைக்காதீங்க சார், மீனப் பாருங்க.

கண்டக்டர்: கண்ணப் பாருங்க, கண்ண. அது மேலேருந்து ஒண்ணு உரியுது... வட்டமா... விழுந்துருச்சு.

டாக்டர்: கண்ணையும் விடலியா...

கண்டக்டர்: இத்தனை நாளும் அதுக்குள்ளேருந்துதான் பாத்துக்கிட்டு இருந்துச்சா?

டாக்டர்: பாக்க முடிஞ்சுதோ என்னமோ. நேரம் என்ன ஆச்சு?

கண்டக்டர்: வாட்ச்சா... பாக்கவே மறந்துட்டேம்மா.

டாக்டர்: சார்...

கண்டக்டர்: எடுங்க, எடுங்க. போதும்.

டாக்டர்: அந்த டப்புல உப்புத் தண்ணி இருக்கு, மூடிய நகர்த்துங்க... போ. போடா கண்ணு.

கண்டக்டர்: அசையல.

டாக்டர்: இருங்க.

கண்டக்டர்: அசையலியேம்மா.

டாக்டர்: தண்ணிய லேசா அலைச்சு விடறேன்.

கண்டக்டர்: வால்... வால் அசைஞ்சுது.

டாக்டர்: ஆமா. நிமிருது.

கண்டக்டர்: சுத்தி வருது பாருங்க. நின்னுடுச்சு. என்னைப் பாக்குது... நெஜமாவே என்னைத்தான் பாக்குது.

டாக்டர்: அழறீங்களா?

கண்டக்டர்: உப்புத் தண்ணி தெறிச்சுருச்சு. ஆமா, இனிமே இது இந்த டப்புலதானா?

டாக்டர்: பெரிய தொட்டியில புழு முட்டை இருக்கும். அதெல்லாம் ஒழியற வரைக்கும் இங்கதான்.

கண்டக்டர்: அது வரைக்கும் அந்தத் தொட்டி லைட்டு?

டாக்டர்: நோய்ல இருக்கற மீனுக்கு வெளிச்சம் ஆகாதுன்னு அணைச்சு வச்சேன். இனிமே போடலாம். ஏன் கேக்கறீங்க?

கண்டக்டர்: சும்மாதான்.

டாக்டர்: சார்... ஒண்ணு சொல்லட்டுமா? இந்தத் தொட்டிக்குக் கீழ உங்க வீடு இல்ல, மாடிப்படிதான் இருக்கு. உங்க வீட்டுல ஒழுக வழியே இல்ல. கதவத் திறந்தப்பவே தெரியும். தனியா செய்ய பயமா இருந்துச்சு... அதான் ஒண்ணும் சொல்லாம பக்கெட்டக் குடுத்துட்டேன்.

கண்டக்டர்: ...ஒழுகலதாம்மா. என் வீட்டுக்காரி எந்திரிக்க முடியாம படுத்திருக்கா. ஜன்னல் வழியா அவளுக்குத் தெரியறது எதிர்ச்சுவர் ஒண்ணுதான். பொழுது சாஞ்சா உங்க தொட்டி வெளிச்சம் அதுல விழும்... நீலமா, அலையாடிக்கிட்டு. பாத்துக்கிட்டே தூங்கிடுவா. ரெண்டு நாளா சுவர் இருட்டா கெடக்கு. மேல போய் என்னன்னு கேளுங்கன்னு அனுப்பிச்சா. முன்ன பின்ன பேசினதில்ல... கடலக் காணோம்னு எப்படிம்மா வந்து கேக்கறது?