பேர் இல்லாத கவர்

பில் போடும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் முக்காடு போட்ட ஓர் அம்மா நின்றார். அவருக்குப் பின்னால் சோப்பு வாங்கிய பெரியவர். கடைசியில் நான். ராமநாதபுரத்தில், தன் பேரிலேயே பாக்கெட் போட்டு மலிவாக விற்கிற கடை அது.

அந்த அம்மா கையில் கடையின் மீன் மசாலா பாக்கெட் ஒன்று இருந்தது.

“பேரு இல்லாத கவர் இருந்தா ஒண்ணு குடும்மா.”

“எதுக்கும்மா?”

“இதைப் பிரிச்சு அதுல கொட்டணும். எங்க திருப்பாலைக்குடிப் பையன் ஒருத்தன் நாளைக்குத் துபாய் போறான். எம் மவனுக்குக் குடுத்து விடணும். நான் மிளகாய், மல்லி காயப்போட்டு அரைச்சதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கான்.”

பெரியவர் சிரித்தார். “பெத்த பிள்ளைக்கே கலப்படமா?”

“தோள்வலி வந்ததுலருந்து மில்லுக்குத் தூக்கிட்டுப் போக முடியலங்க.”

“எங்க கடை துபாய்லயும் இருக்கும்மா. இதே பொடி அங்கனயே கிடைக்கும்” என்றாள் பெண்.

“வாங்கிப் பாத்தானாம். உம்மா கைப்பக்குவம் வரலைங்கிறான்.”

மூவரும் சிரித்தார்கள். அந்த அம்மாதான் அதிகம் சிரித்தார்.

“அப்ப ஒரு கிலோவா எடுங்க. இன்னும் மலிவு. ரொம்ப நாளைக்கு வரும்” என்றாள் பெண்.

“வேணாம்மா. பொடி தீந்தாத்தான் அவன் போன் பண்ணுவான்.”

பெண் தேடி ஒரு வெள்ளைக் கவரை எடுத்துக் கொடுத்துவிட்டு, பாக்கெட்டை மெஷினில் காட்டினாள்.

நூறு கிராம்.