சாஞ்சு பாக்கணும்

வேணாம்மா, நீங்களே குடிங்க. அவங்க ஒரு டம்ளர் தண்ணிதானே கொண்டு வந்தாங்க, அது உங்களுக்குத்தான். எனக்குத் தாகமில்ல. மறந்திருப்பாங்களா? மறக்கற ஆள் மாதிரி தெரியல. விடுங்க, வீடு பாக்க வந்தோம், வீட்டைப் பாப்போம். அவங்க வாசல்லயே நிக்கட்டும். விக்கிறவங்க கூடவே வந்தா நான் வாயத் தொறக்க முடியாது.

என் சட்டையைப் பாத்து நீங்க மொதல்ல கொஞ்சம் முழிச்சீங்க. பரவால்ல, சொல்லலாம். வீட்டுக்கு நல்லது கெட்டது சொல்ல ஆளைக் கூப்பிட்டா, லாரிக்கு அடியில படுத்து எந்திரிச்சவன் மாதிரி ஒருத்தன் வந்து நிக்கறானேன்னு நினைச்சிருப்பீங்க. கொத்தனாரா ஆரம்பிச்சவன்மா நான். கட்டறதைவிட கட்டினதுல குத்தம் கண்டுபிடிக்கறது நல்லா வருதுன்னு இந்த வேலைக்கு வந்துட்டேன். புரோக்கருங்க என்னைக் கலைச்சுவிடறவருன்னுதான் சொல்வாங்க. நான் உள்ள போயிட்டு வெளிய வந்தா பாதி பேரம் படுத்துரும். முன்னல்லாம் நானும் சலவை மடிப்புக் கலையாம வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தவன்தான். இப்ப வேலைக்கு வெள்ளை போடறதில்ல. சுவரோட ஒட்டணும், தரையில படுக்கணும். சட்டைய நினைச்சா வேலை நடக்காது.

இருங்க, லைட் போடறேன். ஆமா, சுவிட்ச் கதவுக்குப் பின்னாடி இருக்கு. எனக்கு எப்படித் தெரியுமா? பழைய வீடா பாத்துப் பாத்து கை தானா போகுதும்மா.

இந்தக் காசால சுவரைத் தட்டறேன், கேளுங்க. கணீர்னு வருது பாருங்க, இது சரி. இங்க கேளுங்க, டொப்புனு விழுதில்ல? பூச்சு சுவரை விட்டுப் பிரிஞ்சிருச்சு. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு பாத்ரூம். ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அவங்க குளிச்சா உங்களுக்கு ஈரம். இதுக்காக வீட்டை வேணாம்னுடாதீங்க. இடுப்பு உயரத்துக்குப் பூச்சை உடைச்சு, நல்லா காயவிட்டு, மறுபடி பூசணும். அதை விட்டுட்டு மேலால பெயிண்ட் அடிச்சா ஒரு மழைக்குக்கூட வராது. பெயிண்ட்டை மட்டும் நம்பாதீங்கம்மா. எந்த வீட்டுலயும்.

பால்கனியா? போவோம், போவோம். உங்களுக்கு அது பிடிச்சிருக்குன்னு கீழ நின்னு அண்ணாந்து பாத்தப்பவே தெரிஞ்சுது. மொதல்ல கீழ முடிச்சிருவோம்.

இந்தக் கோலிக்குண்டை இங்க வைக்கறேன். பாருங்க, யாரும் தள்ளாமயே ஜன்னல் பக்கம் போகுது. தரை அந்தப் பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு. எழுபது வருஷ வீடு, எறங்கத்தான் செய்யும். எறங்கி, உக்காந்து, அசையாம ஆயிருச்சு. கதவு இடிக்கல, நிலைக்கு மேல வெடிப்பு இல்ல. பயப்பட வேணாம், கட்டிலை மட்டும் தலைமாட்டுப் பக்கம் கட்டை வச்சுப் போடுங்க.

சமையக்கட்டு சின்னதுதான், ஒளிக்க என்ன இருக்கு. ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் முழங்கை இன்னொருத்தர் வயித்துல. ஜன்னலைத் தொறந்தா எதிர் வீட்டுச் சுவர் கை குலுக்கும். ஆனா மேல அந்தக் கண்ணாடி ஓடு இருக்கு பாருங்க, பதினோரு மணிக்குமேல வெயில் நேரா அடுப்பு மேல விழும். இருந்து பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும். ம்? இல்ல, ஓடு இருக்கற எடத்தை வச்சுச் சொல்றேன்.

அலமாரியத் தொறக்கலாம், தப்பில்ல, பின்பலகைல கரையான் இருக்கான்னு பாக்கணும். இல்ல, சுத்தமா இருக்கு. ஒரு பக்கம்தான் துணி, இன்னொரு பக்கம் பேப்பர் விரிச்சுக் காலியா வச்சிருக்காங்க. மூடிருங்கம்மா. மூடிருங்க.

நீங்க அஞ்சு வாடகை வீடு மாறியாச்சுன்னு சொன்னீங்க. உங்க வீட்டுக்காரரு லீவு கெடைக்காம நீங்க மட்டும் வந்திருக்கீங்க. சாயந்தரம் நான் சொல்றதை வச்சுத்தான் சரி, வேணாம்னு முடிவு பண்ணப் போறீங்க. மகளுக்கு ஆறு வயசு. எல்லாம் ஞாபகம் இருக்கும்மா. நான் அரை மணி நேரம் பாத்துட்டுப் போயிருவேன். என் வாய் வார்த்தைய நம்பி நீங்க ஆயுசு பூரா இதுக்குள்ள இருக்கணும். அதனாலதான் மெதுவாப் போறேன். பால்கனிக்குப் பயந்துக்கிட்டு இல்ல.

சரி, வாங்க. படி அஞ்சாவது கொஞ்சம் உசரம், பாத்து வைங்க.

இந்தக் கதவைத் தொறங்க. நீங்களே தொறங்க. ம். தெரு நல்லாத் தெரியுது. அந்த எலக்ட்ரிக் கடை இன்னும் இருக்கு.

பால்கனில நீங்க பாக்க வேண்டியது காத்தும் வெளிச்சமும். நான் பாக்க வேண்டியது இந்தக் கைப்பிடிக் கம்பி. கம்பியோட காலு தரைக்குள்ள புதைஞ்சிருக்கே, அங்கதான் தண்ணி நின்னு துரு ஏறும். வெளிய ஒண்ணும் தெரியாது. அதனால ஒவ்வொரு காலையும் அடியில சுத்தியால தட்டணும். இதோ. இதோ. நல்ல கெட்டிச் சத்தம். தடிமனான குழாயாப் போட்டு, ரெண்டு பக்கச் சுவருலயும் போல்ட் முடுக்கியிருக்காங்க. தட்டினா மட்டும் போதாது. ஒரு கையால கதவு நிலையப் புடிச்சுக்கிட்டு, முழு உடம்பையும் போட்டு சாஞ்சு பாக்கணும். அதான் முறை.

என்னது, பெயிண்ட் ஈரமா? ஆமா, விக்கறதுக்காக இப்பத்தான் அடிச்சிருக்காங்க. சாயாதீங்க, சட்டைல ஒட்டிக்கும்னு சொல்றீங்க.

இதே எடத்துல நின்னு இன்னொருத்தியும் இதையே சொன்னாம்மா. பதினோரு வருஷம் ஆச்சு. அவளும் உங்கள மாதிரி வீடு பாக்க வந்தவதான், நான்தான் பாத்துச் சொன்னேன். அப்ப இருந்த கம்பி வேற, மெல்லிசு. வித்தவர் அதுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தார். நான் அன்னிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போற வழியில வந்தேன், வெள்ளைச் சட்டை. சாயப் போனப்ப, அண்ணே, பெயிண்ட் ஒட்டிக்கும், சட்டை வீணாயிரும்னா. நானும் கையை எடுத்துட்டேன். யாரோ எவரோ கூப்பிட்டு வந்திருந்தா சட்டையக் கழட்டி வச்சுட்டு சாஞ்சிருப்பேன். நம்ம புள்ளதானே, அப்புறம் ஒரு நாள் வந்து பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். வீடு நல்லாருக்கு, வாங்கிருன்னு சொல்லிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்ல.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, மாப்பிள்ளை போர்வை காயப் போட வந்திருக்கார். கீழ போன யாரையோ பாத்துப் பேசிக்கிட்டே சாஞ்சிருக்கார். கம்பி அடியோட பேந்து அவரோடயே கீழ போயிருச்சு. நான் வந்தப்ப அது தெருவுல கெடந்துச்சு. வெளிப்பக்கம் பெயிண்ட் பளபளன்னு இருக்கு. உள்ள விரல் வச்சா பொடிப்பொடியா உதிருது.

ஆமாம்மா. வாசல்ல நிக்கறாளே, உங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தவ, என் தங்கச்சிதான். ஒன்பது வருஷமா என்கூடப் பேசல. திட்டியிருந்தாத் தாங்கிருப்பேன், ஒரு வார்த்தை திட்டல. அதுதான் என்னால முடியல.

தெரிஞ்சுதான் வந்தேன். நீங்க போன்ல அட்ரஸ் சொன்னதும், வேற ஆளைப் பாத்துக்குங்கன்னு சொல்லியிருக்கணும். வாயில வரல. இத்தனை வருஷத்துல நான் பாக்காம விட்டது இது ஒண்ணுதான். இனிமே என் பேச்சை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க.

ம். அசையல. இன்னும் கொஞ்சம். ரெண்டு கையும், நெஞ்சும், என் மொத்த கனமும் இது மேலதான் இருக்கு. துளிகூட அசையல. தங்கச்சி நல்லாத்தான் போட்டிருக்கா. உங்க மக தாராளமா இங்க நிக்கலாம். சுவரோட ஈரத்துக்கு மட்டும் கொஞ்சம் கொறைச்சுக் கேளுங்க, நியாயமாக் கேளுங்க. அப்புறம் யோசிக்காம வாங்கிருங்கம்மா.

என்ன பாக்கறீங்க? ஆமா, ஒட்டிருச்சு, நெஞ்சு பூரா பட்டை பட்டையா. வேணாம், கைக்குட்டைய உள்ள வைங்க. தொடைக்காதீங்கம்மா, இருக்கட்டும். அவ நிக்கற வாசல் வழியாத்தானே வெளிய போகணும்.