ரெண்டு புள்ளி இருந்தா ஜெர்மனி

"எழுத்துக்கு மேல ரெண்டு புள்ளி இருந்தா ஜெர்மனி. கீழ வாலு தொங்குனா பிரான்சு."

இதைக் கேட்டதும் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில், மகளிர் பெட்டி. எதிரே நீலச் சீருடைப் புடவையில் இரண்டு பெண்கள். வெளிநாட்டுக்குப் போகும் மிக்சிப் பெட்டிகளில் பாதுகாப்புக் குறிப்புப் புத்தகம் வைப்பது அவர்கள் வேலை. இளையவள் அன்றுதான் சேர்ந்திருக்கிறாள், மூத்தவள் பாடம் நடத்துகிறாள்.

"மேல வட்டம் இருந்தா சுவீடன். அதுலயும் ரெண்டு புள்ளி வரும், ஏமாந்துடாத. போன தபா ஒருத்தி சுவீடன் புக்க ஜெர்மனி பெட்டில வச்சிட்டா. கப்பல்ல போன சரக்கு அப்டியே திரும்பி வந்துச்சு."

"புக்குக்கா திருப்பி அனுப்புவாங்க?"

"அவங்க பாஷைல எழுதலன்னா அங்க விக்கவே உடமாட்டாங்கடி."

"அப்டி இன்னாதான்க்கா எழுதிக்கீது?"

"யாரு கண்டா? கைய வைக்காத, தண்ணி ஊத்தாதன்னு இருக்கும். படம் கீதுல்ல?"

பொன்னேரியில் கூட்டம் ஏறியது. இருவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"ஏன்க்கா, நாம பெட்டி ஒட்டுறோமே, அந்த மெஷின்லயும் மஞ்சா ஸ்டிக்கர் ஒட்டிக்கீது. அது எந்த ஊரு எழுத்து?"

"சைனா. மெஷினு அங்கேருந்துதான வந்துச்சு."

"அதுல இன்னா எழுதிக்கீது?"

"ஓடும்போது கட்டவெரல உள்ள உடாதன்னு."

"ஐயோ, உனக்கு சைனா பாஷை கூட தெரியுமாக்கா?"

மூத்தவள் முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். கட்டைவிரலில் பெரிய கட்டு.

"போன வாரந்தான் கத்துக்கினேன்."