கொன்ஸ்தந்தீன் வேடத்தில் மச்சானை அடித்தது

எனது பெயர் சூசைப்பிள்ளை அருமைநாதன். வயது 57. கனடாவில் மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் மனைவி மாக்கிரட்டுடன் வசிக்கிறேன். துப்புரவு வேலை மேற்பார்வையாளர். நான் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் நிரஞ்சனி பொலிஸ் அதிகாரிக்குப் பிரெஞ்சில் சொல்கிறார்.

காயப்பட்ட ஹென்றி என் மனைவியின் தம்பி. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவர். தான் வழுக்கி விழுந்ததாக அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதனால் என்மேல் வழக்கில்லை. அது உண்மையல்ல என்று சொல்லவே வந்தேன்.

சென்ற ஞாயிறு பிற்பகல் எங்கள் தேவாலயப் பங்குத் திருநாளுக்கு மொன்றியலில் ஒரு மண்டபத்தில் நாட்டுக்கூத்துப் போட்டோம். உரோமை அரசுக்காக இரு மைத்துனர்கள் மோதிய உள்நாட்டுப் போரின் கடைசிச் சண்டை, மில்வியன் பாலத்துச் சண்டை. வெல்கிற கொன்ஸ்தந்தீன் நான். தோற்று ஆற்றில் விழுந்து சாகிற மக்சென்சியுஸ் ஹென்றி.

அதன் பின்னர் சண்டைக் காட்சி வந்து, ஹென்றி சாகும் பாட்டைப் பாடி விழுந்தார். சனம் "வன்ஸ்மோர்" என்று கத்தியது. எங்கள் கூத்து வழக்கப்படி செத்தவர் எழும்பி, திரும்பப் பாடி, திரும்பச் செத்தார். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் எழும்பினார். போரில் வென்ற நான் சிலுவைக் கொடியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி நின்றேன். எனக்கு ஒருநாளும் ஒருவரும் வன்ஸ்மோர் கேட்டதில்லை. அடுத்த முறை முதலில் கத்தியது மாக்கிரட். எனக்குப் பொறாமை பொங்கியது. ஹென்றி எழும்ப முழங்காலை ஊன்றியபோது, கொடிக்கம்பால் காதோடு சேர்த்து அடித்தேன். கை தவறிப் படவில்லை. செத்த பாம்பை அடித்த வீரன் என்பார்களே, அந்த வீரன் நான்தான்.

அதன் பின்னர் ஹென்றி அசையவில்லை. காதிலிருந்து இரத்தம் வருவதைக் கண்டேன். கண்டுகொண்டே என் வெற்றிப் பாட்டை முழுதாகப் பாடினேன். சனம் எல்லாம் கூத்து என்று நினைத்து, எழுந்து கைதட்டி, எனக்கு வன்ஸ்மோர் கேட்டது. இரண்டாம் தரமும் பாடினேன். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லத்தான் நாக் கூசுகிறது. அதன் பின்னர் மாக்கிரட் மேடைக்கு ஓடிவந்து தம்பியின் தலையைத் தூக்கினாள். அம்புலன்ஸ் வந்தது.

அந்தக் காது இனிக் கேட்பது கடினம் என்று வைத்தியர் சொன்னார். இன்று காலை வைத்தியசாலையில் ஹென்றியைப் பார்த்தேன். மற்றக் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"அத்தான், உங்கட பாட்டு எடுபட்டதே? நான் மயங்கிப்போனன், கேக்கேல்லை."

"ஓம். வன்ஸ்மோர் கேட்டவை" என்றேன்.

"அப்பாடா! இவ்வளவு வருசத்துக்குப் பிறகு" என்று சிரித்து, என் கையைப் பிடித்தார்.

அதன் பின்னர் நேராக இங்கே வந்தேன். ஹென்றி வழுக்கவில்லை. நான் தெரிந்தே அடித்தேன். இதனால் என்மேல் வழக்கு வரும் என்று அதிகாரி விளக்கினார், விளங்கிக்கொண்டேன். எவரும் சொல்லித்தந்து நான் இதைச் சொல்லவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்) சூ. அருமைநாதன்